மண்டூக முனிவரும் மாடித் தொட்டியும்!

பழந்தமிழில் 'பரவை' என்றால் கடல். பரந்து கிடப்பதால் பரவை. மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் சென்றால், வைகையின் வடகரையில் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு. கிராமியப் பாடகி பரவை முனியம்மாவின் ஊர் என்றால் உங்களுக்குச் சட்டென்று விளங்கிவிடும். முத்துநாயகி அம்மன் குடிகொண்டிருக்கும் ஊர். பெயரிலே கடல், பக்கத்திலே ஆறு, ஊருக்கென்று ஒரு கண்மாய்... இத்தனை இருந்தும், அந்த ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு என்ன மதிப்பு என்பதை ஓர் ஆடி வெள்ளியன்று நான் தலைகுனிந்து கற்றுக்கொண்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

என் அப்பாவின் தங்கை பரவையில்தான் வாக்கப்பட்டிருக்கிறார். ஆடி மாதத்து அம்மன் கோயில்களைப் பற்றி எழுதுவதற்காக அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். பகல் முழுவதும் கோயில் கோயிலாக அலைந்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். உடம்பெல்லாம் புழுதி. அத்தை மகன் புதிதாகக் கட்டிய குளியலறையில் ஷவர் வைத்திருந்தார். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷவரைத் திறந்துவிட்டு, அதன் கீழே நின்றபடியே கந்த சஷ்டி கவசத்தை முழுவதும் சொல்லி முடிப்பேன். குளியலுக்குக் குளியல், பக்திக்குப் பக்தி என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு! நிதானமாகச் சொன்னால் கால் மணி நேரம் ஓடிவிடும்.

அன்றும் அப்படித்தான். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால், கொல்லைப்புறத்தில் அத்தை நின்றுகொண்டிருக்கிறார். முகம் அழுது வீங்கியிருக்கிறது. பக்கத்துத் தெருவில் அவருடைய சின்ன வயதுத் தோழி காலமாகிவிட்டார். சேதி வந்ததும் ஓடிப்போய், அழுது தீர்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். துக்க வீட்டுக்குப் போனவர் தலை முழுகாமல் வீட்டுப் படி ஏறுவாரா? குளியலறைக் கதவருகே வந்து இரண்டு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். ஷவர் இரைச்சலில், கவசத்தின் லயிப்பில், எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

"உள்ள போங்க அத்தை, நான் முடிச்சிட்டேன்" என்றேன்.

அவர் போய்க் குழாயைத் திருகினார். இரண்டு கை அளவு வந்தது. அப்புறம் காற்றுதான் வந்தது! மாடித் தொட்டி காலி. மோட்டாரைப் போடலாம் என்றால், அந்த நேரம் பார்த்து மின்சாரம் இல்லை. ஈரத்தலையோடு நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துவைக்கிற கல்லின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். வாழ்நாள் தோழியைப் பறிகொடுத்துவிட்டு வந்த மனுஷி, தன் வீட்டுக்குள் நுழைய முடியாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். காரணம், நான்.

பக்கத்து வீட்டு அக்காதான் எட்டிப் பார்த்தார். "இந்தாங்க மதினி, இதுதான் இருக்கு" என்று ஒரு பிளாஸ்டிக் குடத்தை இறக்கி வைத்தார். பதினைந்து லிட்டர் பிடிக்குமா? அவ்வளவுதான். அத்தை அதை வைத்துத் தலை முழுகினார். இரண்டு சொம்பு மொண்டு உடம்பை நனைத்தார், நிறுத்தினார். மஞ்சளைத் தேய்த்தார். பிறகு உச்சந்தலையிலிருந்து ஒவ்வொரு சொம்பாக, சிந்தாமல், தோள் வழியாக இறங்கும்படி ஊற்றிக்கொண்டார். முடித்த பிறகும் குடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் மிச்சமிருந்தது. அதில் கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து, சாமி விளக்கைத் தூண்டிவிட்டார்.

தவளையான முனிவர்

இரவு சாப்பிட்டு முடித்த பிறகுதான் அத்தை பேசினார். "தேனூரு இந்தா, சமயநல்லூருக்கு அங்கிட்டு இருக்கு. தவளையாப் போனாரே ஒரு முனிவர், அவரு கதை தெரியுமாத்தா ஒனக்கு?"

தெரியாமல் இருக்குமா? சித்திரை வந்தால் நான் எழுதும் முதல் கட்டுரையே அதுதானே! அழகர்மலையில் நூபுர கங்கை இருக்கிறதல்லவா? சிலம்பாறு என்றும் சொல்வார்கள். அங்கே சுதபஸ் என்ற முனிவர் தீர்த்தமாடிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் துர்வாசர் வருகிறார். நீராடலில் மூழ்கியிருந்த சுதபஸ் அவரைக் கவனிக்கவில்லை. துர்வாசரின் கோபம் நாம் அறிந்ததுதானே! 'மண்டூகமாகப் போ' என்று சபித்துவிட்டார். மண்டூகம் என்றால் தவளை. பிறகு சாபவிமோசனமும் அவரே சொல்கிறார். வைகைக் கரையில் தவமிருக்க வேண்டும், அழகர் வந்து அருள்வார் என்று. அப்படி ஆற்றங்கரைக்கு வந்து காத்திருந்த மண்டூக முனிவருக்காகத்தான் கள்ளழகர் மலையை விட்டு இறங்கி வருகிறார். ஆதியில் இந்த வைபவம் தேனூரில்தான் நடந்தது. திருமலை நாயக்கர் காலத்தில்தான் மதுரைக்கு மாறி, மீனாட்சி திருக்கல்யாணத்தோடு இணைந்தது. இன்றும் வண்டியூர்ப் பக்கம் வைகையில் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கும் மண்டபத்துக்குத் 'தேனூர் மண்டபம்' என்றே பெயர்.

இத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆனால், முனிவர் என்ன செய்துகொண்டிருந்தபோது சாபம் வாங்கினார் என்பதை நான் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. திருடவில்லை, பொய் சொல்லவில்லை. குளித்துக்கொண்டிருந்தார்! புண்ணிய தீர்த்தத்தில், முறைப்படி, பக்தியோடுதான் குளித்துக்கொண்டிருந்தார். வந்து நின்றவர் யார் என்று பார்க்கவில்லை. அவ்வளவுதான் குற்றம்.

அத்தை கதையை முடித்துவிட்டு, வேறெதுவும் சொல்லாமல் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

உளுந்து மூழ்கினால் போதும்!

'அதற்காக, சாஸ்திரம் நீராடலை வற்புறுத்தவில்லையா? குறைத்துக் குளித்தால் தோஷம் இல்லையா?' என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். பரவையிலிருந்து திரும்பிய பிறகு நானும் இதைத் தேடித்தேடிப் படித்தேன். நம் பெரியவர்கள் நீராடலை வற்புறுத்தினார்களே தவிர, நீரின் அளவை வற்புறுத்தவில்லை.

ஆசமனம் செய்கிறோம். உள்ளங்கையில் எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும்? ஓர் உளுந்து மூழ்கும் அளவு! மூன்று முறை சேர்த்தாலும் ஒரு சின்னக் கரண்டி தேறாது. குடமுழுக்கு நடக்கிறது. லட்சம் பேர் கூடுகிறோம். கோபுரத்திலிருந்து தெளிக்கும் புனித நீரில் ஒரு துளி நம் மேல் பட்டால், கங்கையில் முழுகிய ஆனந்தம் அடைகிறோமே! அங்கே யாராவது, 'எனக்கு ஒரு வாளி ஊற்றுங்கள்' என்று கேட்கிறோமா?

ஸ்நானம் ஏழு வகை என்று சாத்திரங்கள் சொல்கின்றன. நீரில் குளிப்பது வாருணம். திருநீறு பூசிக்கொள்வது ஆக்னேயம். பசுக்கூட்டத்தின் குளம்படித் தூசி மேலே படிவது வாயவ்யம். வெயிலடிக்கும்போதே மழையும் பெய்யுமே, அதில் நனைவது திவ்யம். மந்திரம் சொல்லி நீரைத் தெளித்துக்கொள்வது மாந்திரம். புனித மண்ணைப் பூசுவது பௌமம். இறைவனை நினைத்துக்கொள்வது மானசம். நோயாளிக்கும், வயதானவருக்கும், நீர் கிடைக்காத வழிப்போக்கனுக்கும் வழி அடைத்துவிடக் கூடாது என்ற கருணையில் எழுதி வைத்தார்கள்.

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். அத்தைக்கு அன்றைக்கு வாருணம் மட்டும்தான் வழி. துக்க வீட்டுக்குப் போய்வந்தவருக்கு விபூதிக் குளியல் போதாது. தலையில் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். அப்படித் தவிர்க்கவே முடியாத குளியல் யாருக்கு எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. தொட்டியில் இருப்பதை முதலில் நுழைந்தவரே தீர்த்துவிடுவது எந்த ஆசாரத்தில் சேர்த்தி?

ஏழு கடலும் ஒரு வாவியில்

மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, புதுமண்டபத்துக்குப் பக்கத்தில் 'ஏழுகடல் தெரு' என்று ஒன்று இருக்கிறது. துணி வாங்கவும் பாத்திரம் வாங்கவும் அந்தப் பக்கம் போயிருப்பீர்கள். பெயர் வந்த கதை திருவிளையாடற் புராணத்தில் இருக்கிறது. அன்னை மீனாட்சியின் தாயார் காஞ்சனமாலைக்குக் கடலாட வேண்டும் என்று ஆசை. கௌதம முனிவர் கடலாடுவதன் பெருமையைச் சொல்லிவிட்டுப் போக, அந்த ஆசை பற்றிக்கொண்டது. மகளிடம் சொன்னார், மகள் மணாளனிடம் சொன்னார். மாமியார் ஆசைப்பட்டால் மருமகன் என்ன செய்வார்? படை பரிவாரங்களோடு கடற்கரைக்கு அனுப்பியிருக்கலாம். சோமசுந்தரக் கடவுள் ஏழு கடலையும் மதுரையிலேயே ஒரு வாவிக்குள் வரவழைத்துவிட்டார்! சொர்க்கத்திலிருந்து மலயத்துவச பாண்டியனும் வந்து சேர, அவர் கரம் பற்றி அம்மையார் நீராடினார்.

ஏழு கடல் நீரும் ஒரு வாவிக்குள் அடங்கும் என்றால், நம் குளியல் ஒரு வாளிக்குள் அடங்காதா? இது என் சொந்தக் கேள்வி, புராணத்தில் இல்லை.

சிவபெருமான் அபிஷேகப் பிரியர். 'அவருக்குக் குடம் குடமாக ஊற்றுகிறோமே' என்பீர்கள். ஊற்றுகிற விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் லிங்கத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் கட்டுகிறார்கள். அடியில் சின்னத் துளை. சொட்டு... சொட்டாக... நாள் முழுவதும் ஐயன் குளிர்ந்திருக்கிறார். பல கோயில்களில் 'சகஸ்ரதாரை' என்று ஒரு தட்டு வைத்திருப்பார்கள். அடிப்பாகம் முழுக்க நுண்ணிய துளைகள். அதில் ஒரு சொம்பு ஊற்றினால், அது நூற்றுக்கணக்கான இழைகளாகப் பிரிந்து திருமேனி முழுவதும் படரும். யோசித்துப் பார்த்தால், ஷவர் என்பதே நம் கோயிலில் என்றோ இருந்த பொருள்தான்! என்ன ஒரு வித்தியாசம்... அங்கே ஊற்றுபவர் கையில் அளவு இருக்கிறது. நம் வீட்டில் குழாயைத் திருகிவிட்டால் அளவு நம் கையை விட்டுப் போய்விடுகிறது. கள்ளழகர் வரும்போது பக்தர்கள் தோளில் தோல் பை சுமந்து தண்ணீர் பீய்ச்சுவார்களே, அதன் வாயையும் பார்த்திருப்பீர்கள். விரல் நுழையாத சின்னக் குழல்தான்.

அபிஷேக நீரும் வீணாவதில்லை. கோமுகி வழியாக இறங்கி, நாம் தலையில் தெளித்துக்கொண்டது போக மீதி நந்தவனத்துக்கோ குளத்துக்கோ போகும்படிதான் பழைய கோயில்களில் வழி அமைத்திருந்தார்கள். ஆற்று முழுக்கும் அப்படியே. நாம் முழுகி எழுந்தாலும் ஆறு குறைவதில்லை. சோப்பு நுரையோடு சாக்கடைக்குப் போகும் குளியலறைத் தண்ணீருக்கு அந்த நியாயத்தைச் சொல்ல முடியாதே!

எங்கிருந்து வருகிறது?

குண்டோதரனின் தாகத்துக்காக இறைவன் 'வை கை' என்று சொல்ல, கையை வைத்த இடத்தில் பெருகியது வைகை என்பது ஐதீகம். பரிபாடலில் நமக்குக் கிடைத்திருக்கும் 22 பாடல்களில் 8 பாடல்கள் வைகையைப் பற்றியவை. புதுப்புனல் வந்தால் மதுரையே திரண்டு போய் நீராடிய காட்சிகளைத் தமிழ் படித்த நாட்களில் ஆசை ஆசையாக வாசித்திருக்கிறேன். இன்றைக்கு அழகர் ஆற்றில் இறங்குவதற்கே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. 1959-ல் திறக்கப்பட்ட அந்த வைகை அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். மதுரை நகரம் குடிப்பது பெரிதும் அதை நம்பித்தான். அதிலும் ஒரு பெரும் பங்கு, மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் பெரியாற்றின் தண்ணீர். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி வருகிறது. ஒரு மலையையே தாண்டி வந்த தண்ணீர்! அதைத்தான் நான் பாட்டுப் பாடிக்கொண்டே கால் மணி நேரம் வழியவிட்டேன்.

சாதாரண ஷவரில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் இறங்குகிறது. சில பெரிய ஷவர்களில் இதற்கும் மேலே. கால் மணி நேரம் என்றால் 150 லிட்டர். அத்தை முழுகியது போல் பத்துப் பேர் முழுகியிருக்கலாம்! நகரத்து வீடுகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று அரசுத் திட்டங்களில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் குடிக்க 5, சமைக்க 5, குளிக்க மட்டும் 55 லிட்டர். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து மக்களுக்கு என்ன அளவு தெரியுமா? குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு 55 லிட்டர். நகரத்தில் ஒருவர் குளிப்பதற்கு ஒதுக்கியது, கிராமத்தில் ஒருவரின் முழு நாளைக்கும்!

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் 2018-ல் அணைகள் வறண்டபோது, ஆளுக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. இரண்டு நிமிடத்துக்குள் குளித்துவிட்டு வாருங்கள் என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள். நம் சென்னை 2019 கோடையில் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

சரி, எப்படி?

நான் குளிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அழுக்கோடு சாமி கும்பிடச் சொல்லவும் இல்லை. அத்தை செய்ததைத்தான் சொல்கிறேன். நனைக்க, நிறுத்த, தேய்க்க, ஊற்ற! கப்பலில் போகிறவர்களும் இப்படித்தான் குளிப்பார்களாம். சுற்றிலும் கடல் இருந்தாலும் நல்ல தண்ணீர் அளவுதானே! ஷவரே வேண்டும் என்றாலும் இதே முறைதான். நனைய ஒரு நிமிடம். சோப்புத் தேய்க்கும்போது குழாயை மூடிவிடுங்கள். அலச இரண்டு நிமிடம். முப்பது லிட்டரில் முடிந்துவிடும். வாளியும் சொம்பும் என்றால் இன்னும் நல்லது. எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் நம்முடையது.

மார்கழியில் ஹீட்டர் போடுகிறவர்கள், சூடு ஏறும் வரை வருகிற பச்சைத் தண்ணீரைக் கீழே விடாமல் ஒரு வாளியில் பிடியுங்கள். அதுவே அரை வாளி தேறும். வாசல் தெளித்துக் கோலம் போட ஆகும். சொட்டும் ஷவருக்கு வாஷர் மாற்றச் சில ரூபாய்தான். எண்ணெய்க் குளியல் நாளில் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம். சீயக்காய் தேய்த்துத் தலை அலசக் கூடுதலாகத்தான் ஆகும். அந்தத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடலாம். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிக்கனம் பார்க்கவே கூடாது. அவர்களுக்காகத்தானே நாம் மிச்சம் பிடிக்கிறோம்!

இன்னொரு விஷயம் படித்தேன். எனக்கு மிகவும் பிடித்தது. பிறர் வெட்டிய குளத்தில் குளிக்கப் போனால், முதலில் அந்தக் குளத்திலிருந்து ஐந்து பிடி மண்ணை அள்ளிக் கரையில் போட்டுவிட்டுத்தான் முழுக வேண்டும் என்கிறது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. ஒவ்வொருவரும் தினம் ஐந்து பிடி அள்ளினால் குளம் தூர்ந்து போகுமா? இப்போது நாம் குளிப்பதெல்லாம் பிறர் வெட்டிய குளம்தான். மலையில் சுரங்கம் குடைந்தவர்கள் வெட்டியது, குழாய் பதித்தவர்கள் வெட்டியது. மண் அள்ள வழியில்லாத நாம், ஐந்து சொம்பை அதிலேயே விட்டுவிட்டு வரலாமே! 2003-லேயே நம் மாநிலத்தில் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழாய் உங்கள் மொட்டை மாடியில் இருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு முறை அடைப்பு நீக்கிப் பாருங்கள். அதுவும் ஐந்து பிடி மண்தான்.

அத்தைக்கு நான் இன்னும் முழுதாகப் பதில் சொல்லி முடிக்கவில்லை. தோழியின் காரியத்துக்கு மறுபடி பரவைக்குப் போயிருந்தேன். யாரும் எதையும் நினைவூட்டவில்லை. எல்லோரும் குளித்து முடித்த பிறகு, கடைசியாகத்தான் குளியலறைக்குள் போனேன். உள்ளே ஷவருக்குக் கீழே ஒரு வாளியும், அதன் விளிம்பில் அந்தச் சொம்பும் இருந்தன.

போன வாரம் அத்தையிடமிருந்து போன்.

"என்னத்தா, கவசமெல்லாம் எங்க உக்காந்து சொல்லுற?"

"பூஜை அறையிலதான் அத்தை."

"குளிக்க எம்புட்டு நேரம்?"

"நாலு நிமிஷம்."

எதிர்முனையில் சிரித்துவிட்டார். "பொய் சொல்லாதத்தா!"

உண்மைதான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, தலைக்கு ஊற்றிக்கொண்ட நாள். ஏழு நிமிடம் ஆகிவிட்டது.